வரி நிவாரணத்தை நம்பி வீடு வாங்கலாமா? 2021 இல் நான் போட்ட பதிவுக்கு ஒரு திருத்தம்



கொஞ்சம் நீண்ட பதிவு. பிளேன்டீ ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். வீடு வாங்க, காணி வாங்க, கடன் எடுக்க யோசிப்பவர்கள் கட்டாயம் கடைசி வரை வாசியுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: எனக்கு ஊர் மாவனல்லை. யட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் பதினெட்டு வருடமாகக் கணக்கீடு படிப்பிக்கிறேன். பற்றும் வரவும் படிப்பிக்கிற ஆள் ஒரு கணக்கைப் பாதியில் விட்டால் அது பெரிய பிழை. அந்தப் பிழையை நான் செய்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

2021 இல் கொரோனா முடக்கத்தில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தபோது இதே பக்கத்தில் ஒன்று எழுதினேன். அந்த வருடம் மே மாதம் வருமான வரிச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் வந்திருந்தது. 2021 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம். அதன்படி ஒருவர் வருடத்துக்கு 12 இலட்சம் ரூபாய் வரைக்கும் சில செலவுகளைத் தன் வருமானத்தில் கழித்துக்கொண்டு, மிச்சத்துக்கு மட்டும் வரி கட்டினால் போதும். மருத்துவச் செலவு, தொழிற்கல்விச் செலவு என்று ஒரு பட்டியல். வீட்டுக் கடனுக்குக் கட்டுகிற வட்டியும் அந்தப் பட்டியலில் இருந்தது. 2020 முதலே இது செல்லுபடியாகும் என்றார்கள்.

நான் அதைப் பார்த்துவிட்டு, "படித்து வேலைக்குப் போன பிள்ளைகளே, கொழும்பில் அறை வாடகைக்குக் காசைக் கொட்டாதீர்கள். வீட்டுக் கடன் எடுங்கள், அரசாங்கமே வரியில் கழித்துத் தருகிறது" என்று எழுதினேன். என் பக்கத்தில் அதற்கு முன் எந்தப் பதிவையும் அவ்வளவு பேர் பகிர்ந்ததில்லை. எனக்கும் மனதுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

அதைப் பகிர்ந்தவர்களில் ஒருவன் என் பழைய மாணவன். பெயர் வேண்டாம், தம்பி என்றே சொல்கிறேன். லயத்தில் பிறந்து, அம்மா இறப்பர் பால் வெட்டிய காசில் படித்து, கொழும்பில் ஒரு கம்பனியில் மென்பொருள் வேலைக்குப் போனவன். அவன் சம்பளம் மாதம் 280,000 ரூபாய். எங்கள் பாடசாலையில் அந்தத் தொகையைக் கேட்டு எல்லாரும் வாயைப் பிளந்தோம். அவனுடைய ஒரே ஆசை, அம்மாவை லயத்துக் காம்பராவிலிருந்து வெளியே எடுக்க வேண்டும். மழை பெய்தால் தகரத்துக்குக் கீழே சட்டி வைத்துத் தூங்கிய பிள்ளை அவன்.

2022 தொடக்கத்தில் அவிசாவளைப் பக்கம் ஒரு சின்ன வீடு பார்த்தான். 60 இலட்சம் கடன். கையெழுத்து வைப்பதற்கு முதல் நாள் எனக்கு அழைத்தான்.

"சேர், நீங்க போட்ட பதிவுதான் எனக்குத் தைரியம். வட்டி வருசத்துக்கு ஆறு இலட்சம் வரும். அதை வரியில கழிக்கலாம்தானே?"

"கழிக்கலாம் தம்பி. யோசிக்காமச் செய்" என்றேன்.

யோசிக்காமல் சொன்னது நான்தான். அன்றைக்குப் பேனையை எடுத்திருந்தால் பத்து நிமிடத்தில் கணக்கு வந்திருக்கும். இப்போது போட்டுக் காட்டுகிறேன்.

அந்தக் காலத்தில் தனிநபர் நிவாரணம் வருடத்துக்கு 30 இலட்சம். அதாவது மாதம் 250,000 ரூபாய் வரைக்கும் உழைத்தால் வரியே இல்லை. அதற்கு மேல் முதல் 30 இலட்சத்துக்கு 6 வீதம், அடுத்த 30 இலட்சத்துக்கு 12 வீதம், அதற்கும் மேலே போனால் 18 வீதம்.

தம்பியின் வருட வருமானம் 33 இலட்சத்து 60 ஆயிரம். 30 இலட்சம் போக மிச்சம் 3 இலட்சத்து 60 ஆயிரம். அதற்கு 6 வீதம் என்றால் 21,600 ரூபாய். வட்டி நிவாரணத்தால் அந்த வரி முழுக்க இல்லாமல் போனது. நல்லது. ஆனால் மாதத்துக்குப் பார்த்தால் எவ்வளவு? 1,800 ரூபாய்.

ஒரு வீட்டை வாங்கச் சொல்லி நான் கொடுத்த தைரியத்தின் பெறுமதி மாதம் 1,800 ரூபாய்.

அதே நிவாரணத்தை மற்றவர்களுக்கு வைத்துப் பாருங்கள். ஒருவர் வருடம் 12 இலட்சம் வட்டி கட்டுகிறார் என்று வையுங்கள். மாதம் ஒன்பது இலட்சம் உழைப்பவராக இருந்தால் அவருக்கு 18 வீதத்தில் 216,000 ரூபாய் மிச்சம். மாதம் நான்கு இலட்சம் உழைப்பவருக்கு 72,000 ரூபாய். மாதம் ஐம்பதாயிரம் எடுக்கிற ஆசிரியருக்கு? பூச்சியம். 2021 மார்ச்சிலிருந்து நாளுக்கு 1,000 ரூபாய் என்று சம்பளம் வாங்கிய தம்பியின் அம்மாவுக்கு? அவருக்கும் பூச்சியம். கட்ட வரியே இல்லாதவருக்கு எதைக் கழிப்பது?

வீடு மிகக் கஷ்டப்பட்டு வாங்குகிறவருக்கு ஒன்றுமில்லை, வசதியாக வாங்குகிறவருக்கு இரண்டு இலட்சம். இதைத்தான் நான் "நம் பிள்ளைகளுக்கு நல்ல செய்தி" என்று எழுதினேன்.

பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். 2022 ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் கூட்டியது. தம்பியின் கடன் ஒப்பந்தத்தில் முதல் சில மாதம் மட்டும்தான் நிலையான வட்டி. அது முடிந்ததும் 10 வீதம் 20 வீதமானது. மாதம் 50,000 ரூபாயாக இருந்த வட்டி மட்டும் ஒரு இலட்சமானது. முதல் வேறு. பெற்றோல் வரிசை, காஸ் வரிசை, சாமான் விலை எல்லாம் அதற்கு மேலே.

அடுத்த அடி 2023 ஜனவரி 1. 2022 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம். தனிநபர் நிவாரணம் 30 இலட்சத்திலிருந்து 12 இலட்சத்துக்கு இறங்கியது. வரி வீதம் 6, 12, 18, 24, 30, 36 என்று ஒவ்வொரு 5 இலட்சத்துக்கும் படி ஏறியது. அதே நாளிலிருந்து வீட்டுக் கடன் வட்டிக்கான நிவாரணமும் இல்லை.

தம்பியின் சம்பளம் கூடவில்லை. அதே 280,000. ஆனால் அவன் வரி வருடத்துக்கு 348,000 ரூபாய். மாதம் 29,000.

இப்போது இந்த இடத்தைக் கவனியுங்கள். அந்த வட்டி நிவாரணம் 2023 இலும் இருந்திருந்தால், அவன் கட்டிய 12 இலட்சம் வட்டியைக் கழித்து வரி வருடத்துக்கு 85,200 ரூபாய்தான் வந்திருக்கும். மாதம் கிட்டத்தட்ட 22,000 ரூபாய் மிச்சமாகியிருக்கும். மாதம் 1,800 ரூபாய் பெறுமதியாக இருந்தபோது அந்த நிவாரணம் இருந்தது. மாதம் 22,000 ரூபாய் பெறுமதியாக மாறிய நாளில் அது இல்லை.

நாடு வங்குரோத்தாகி நின்ற நேரம். சர்வதேச நாணய நிதியத்தோடு பேசிக்கொண்டு வருமானம் தேடிய நேரம். சலுகைகளை வெட்டியதற்குக் காரணம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக் கடன் என்பது பதினைந்து, இருபது வருடத்துக்கு வைக்கிற கையெழுத்து. வரிச் சட்டம் ஒரு வரவு செலவுத் திட்டத்தோடு மாறிப்போகும். நாளைக்கு மாறக்கூடிய ஒன்றை நம்பி இருபது வருடத்துக்குக் கையெழுத்து வைக்கச் சொன்னேன் என்பதுதான் என் பிழை.

2023 இல் நான்கு மாத நிலுவை சேர்ந்துவிட்டது. வீட்டை விற்கலாமா என்று தம்பி என்னிடம் கேட்டபோது எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. வீட்டைக் காப்பாற்றியது அவனுடைய அம்மா. அவருக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. வேலையை விட்டுவிட்டு ஊழியர் சேமலாப நிதியை எடுத்தார். முப்பது வருடத்துக்கு மேல் இருட்டோடு எழும்பிப் பால் வெட்டிய காசு. முக்கால்வாசியை அப்படியே கடனுக்குக் கட்டினார்.

போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். தேத்தண்ணி தந்துவிட்டு அம்மா சாதாரணமாகத்தான் கேட்டார்.

"வீடு வாங்கினா வரி கொறையும்னு சொன்னீங்களே மாஸ்டர், எவ்வளவு கொறஞ்சிச்சி?"

அவர் என்னைக் குத்திக் காட்டவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் 1,800 என்று சொன்னேன். "வருசத்துக்கா?" என்றார். "மாசத்துக்கும்மா. அதுவும் ஒரு வருசம்கூட இல்ல" என்றேன். "அப்ப அது எங்கள மாதிரி ஆளுகளுக்கு வந்தது இல்ல போல" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவும் தேடி வாசித்தேன். வெளிநாட்டில் எப்படிச் செய்கிறார்கள் என்றும் பார்த்தேன்.

அதைச் சொல்வதற்கு முன் ஒரு சின்ன விளக்கம். வரியில் உதவி செய்வதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, எங்கள் நாட்டில் இருந்தது போல வருமானத்தில் கழிப்பது. இன்னொன்று, கட்ட வேண்டிய வரியிலேயே நேராகக் கழிப்பது. இதை வரி வரவு என்கிறார்கள். கடைக் கொப்பியை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயரில் 500 ரூபாய் கடன் எழுதியிருக்கிறது. முதலாளி 800 ரூபாய் கழிக்கிறேன் என்கிறார். 500 அழிந்துவிடும். மிச்சம் 300 ஐக் கையில் தருவாரா, மாட்டாரா? எல்லாம் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. கையில் தருவார் என்றால், கொப்பியில் கடனே இல்லாத ஏழைக்கும் முழு 800 உம் கிடைக்கும். தரமாட்டார் என்றால், கடன் இருப்பவருக்கு மட்டும்தான் லாபம்.

அமெரிக்காவில் 2008 இல் வீட்டுச் சந்தை விழுந்தபோது முதல் வீடு வாங்குபவருக்கு 7,500 டொலர் வரை வரி வரவு கொடுத்தார்கள். ஆனால் அதைப் பதினைந்து வருடத்தில் திருப்பிக் கட்ட வேண்டும். பெயர்தான் வரவு, உண்மையில் வட்டியில்லாக் கடன். 2009 இல் அதை 8,000 டொலராக்கி, வீட்டை மூன்று வருடம் வைத்திருந்தால் திருப்பித் தரத் தேவையில்லை என்றார்கள். வரி கட்டத் தேவையில்லாதவருக்கும் அந்தக் காசு கைக்கே போனது. கொப்பியில் கடன் இல்லாவிட்டாலும் கையில் தருகிற முதலாளி.

பிரித்தானியாவில் 1983 முதல் வேறு முறை. கடன் கொடுத்த நிறுவனமே நிவாரணத்தைக் கழித்துவிட்டுக் குறைந்த வட்டியை வாங்கும், மிச்சத்தை அரசாங்கம் நிறுவனத்துக்குக் கொடுக்கும். அதனால் வரி கட்டாதவருக்கும் கிடைத்தது. 2000 ஏப்ரலில் அதையும் நிறுத்திவிட்டார்கள். எந்த நாட்டிலும் இது நிரந்தரம் இல்லை என்பதை இங்கேயும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் வீட்டுக் கடன் வட்டியில் வருடம் 2 இலட்சம் இந்திய ரூபாய் வரை வருமானத்தில் கழிக்கிற முறை பழைய வரி முறையில் இருக்கிறது. புதிய முறைக்குப் போனவர்களுக்குத் தாங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு அது இல்லை. ஆனால் 2015 இல் அங்கே பிரதமர் வீட்டுத் திட்டத்தில் இன்னொன்று தொடங்கினார்கள். வருமானம் குறைந்தவர்கள் எடுத்த கடனில் 6 இலட்சம் வரைக்கும் 6.5 வீத வட்டியை அரசாங்கமே ஏற்றது. அதைத் தொடக்கத்திலேயே கடனில் கழித்துவிட்டார்கள். வரி கட்டுகிறாரா இல்லையா என்ற பேச்சே இல்லை. தம்பியின் அம்மா கேட்ட கேள்விக்கு அந்த வழிதான் கிட்டத்தட்டப் பதில்.

சரி, இன்றைக்கு எங்கள் நாட்டில் என்ன இருக்கிறது?

2025 ஏப்ரல் முதல் தனிநபர் நிவாரணம் 18 இலட்சமாகக் கூடியது. மாதம் 150,000 வரை வரி இல்லை. அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், பிறகு 18 வீதத்திலிருந்து மேலே. தம்பியின் வரி மாதம் 29,000 ஆக இருந்தது 13,700 ஆக இறங்கியது. அல்ஹம்துலில்லாஹ், அவனுக்கு மூச்சு வந்தது. ஆனால் வீட்டுக் கடன் வட்டி நிவாரணம் திரும்பி வரவில்லை.

இப்போது பாருங்கள். வீட்டை வாடகைக்குக் கொடுப்பவர் வாடகை வருமானத்தில் 25 வீதத்தைத் திருத்தச் செலவு, தேய்மானம் என்று கழித்துக்கொள்ளலாம். கூரையில் சூரிய மின்கலம் பூட்டி நாட்டு மின்கட்டமைப்போடு இணைப்பவர் வருடம் 6 இலட்சம் வரை கழிக்கலாம். கூரை இருப்பவருக்கு நிவாரணம் இருக்கிறது. இரண்டாவது வீடு இருப்பவருக்கும் இருக்கிறது. முதல் கூரையைத் தேடுபவருக்குத்தான் இல்லை.

"தோட்டத்து ஆட்கள் வரியே கட்டுவதில்லை, பிறகு எதற்கு நிவாரணம்?" என்று எங்கள் ஆசிரியர் அறையிலேயே ஒருவர் கேட்டார். வருமான வரி கட்டுவதில்லை, உண்மை. 2026 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்த 1,750 ரூபாய் நாட்சம்பளத்தை எடுத்துக்கொண்டாலும், மாதம் 25 நாள் வேலை செய்தால் 43,750 ரூபாய். வரி எல்லையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் வற் வரி? 2024 ஜனவரி முதல் 18 வீதம். ஒரு பக்கற் சீமெந்து 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அதில் 300 ரூபாய்க்கு மேல் வற் வரிதான். நூறு பக்கற் வாங்கினால் 30,000. அதோடு காணி வாங்கினால் முத்திரைத் தீர்வை: பெறுமதியில் முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 10 இலட்சம் பெறுமதியான காணிக்கு 39,000 ரூபாய். கோடீஸ்வரருக்கும் அதே வீதம், பால் வெட்டும் அம்மாவுக்கும் அதே வீதம். வீடு கட்டுகிற ஏழை வரி கட்டுகிறார். நிவாரணப் பட்டியலில்தான் அவர் பெயர் இல்லை.

என் சொந்தக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நான் வட்டிக்குக் கடன் எடுக்கவில்லை. மார்க்கம் அனுமதிக்கவில்லை, நானும் விரும்பவில்லை. உம்மாவின் வளையல், மனைவியின் சீட்டுக் காசு, ஒரு வருடம் அத்திவாரம், மூன்று வருடம் கழித்துச் சுவர், இன்னும் பூசாத பின்பக்கம். பத்து வருடத்தில் கட்டிய வீடு. வட்டிக்கு நிவாரணம் என்ற சட்டத்தால் இப்படிக் கட்டுகிற எவருக்கும் ஒரு சதம் கிடையாது. மாவனல்லை, ஹெம்மாதகமையில் எத்தனை வீடு இப்படித்தான் எழும்புகிறது. ஆனாலும் அரச ஊழியன் என்பதால், நான் விரும்பினால், அரசாங்கம் வட்டியில் ஒரு பகுதியைத் தாங்குகிற ஆதனக் கடன் எனக்கு ஒரு வழியாக இருக்கிறது. தோட்டத்து அம்மாவுக்கு அந்த வழியும் இல்லை.

அவருக்கு இல்லாதது வரி நிவாரணம் மட்டும் இல்லை. வங்கி முதலில் கேட்பது உறுதி. 1948 இல் குடியுரிமை போனது, 1964 இல் ஸ்ரீமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் ஆட்களையே பங்கு பிரித்தார்கள், 2003 இல்தான் மிச்சமிருந்தவர்களின் குடியுரிமைப் பிரச்சினைக்குச் சட்டம் வந்தது. அதுவரை காணியைப் பற்றி யார் பேசுவது? பிறகு 7 பேர்ச் காணியோடு தனி வீடு என்று தொடங்கினார்கள். 2017 மே 12 இல் இந்தியப் பிரதமர் மோடி நோர்வுட்டில் வைத்து, ஏற்கெனவே இருந்த 4,000 வீட்டோடு இன்னும் 10,000 வீடு என்று அறிவித்தார். 2025 ஒக்டோபர் 12 இல் பண்டாரவளையில் ஜனாதிபதி 2,000 குடும்பத்துக்கு வீட்டு உரிமை ஆவணம் கொடுத்தார். நல்ல விடயம். ஆனால் நுவரெலியா, பதுளைக்கு இருக்கிற குரல் எங்களுக்கு இல்லை. கேகாலையிலும் இரத்தினபுரியிலும் தோட்டங்கள் சிதறிக் கிடக்கின்றன. தெரணியகலையில் நாலு லயம், புலத்கொஹுபிட்டியில் ஆறு லயம், இறக்குவானையில் கொஞ்சம், பலாங்கொடையில் கொஞ்சம். வாக்குக் குறைவு, அதனால் பட்டியலில் பெயரும் பின்னால்.

அதனால் இனி நான் வரி நிவாரணம் பற்றி ஆசை காட்டி எழுதமாட்டேன். அதற்குப் பதிலாக, வீடு வாங்க யோசிக்கும் பிள்ளைகளுக்குச் சில விடயம் சொல்கிறேன்.

ஒன்று. நிவாரணம் இல்லை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். நாளைக்கு வந்தால் அது மேலதிகம். வட்டி இரட்டிப்பானால் தவணை எவ்வளவு என்று கையெழுத்து வைக்கும் முன்னே வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். எத்தனை மாதத்துக்கு நிலையான வட்டி, பிறகு எதை வைத்து மாறும் என்று கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள்.

இரண்டு. கையில் இருக்கும் காகிதத்தை வாசியுங்கள். காணி உறுதி வேறு, குத்தகைப் பத்திரம் வேறு, விழாவில் கொடுத்த சான்றிதழ் வேறு. எது என்று தெரியாவிட்டால் பிரதேச செயலகத்தின் காணிப் பகுதியில் கேளுங்கள். காணி வாங்குவதென்றால், காணிப் பதிவகத்தில் தேடிப் பார்க்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம்.

மூன்று. மலைச்சரிவில் காணி மலிவாகக் கிடைக்கும். 2016 மே 17 ஐ மறக்க வேண்டாம். அரநாயக்கவிலும் புலத்கொஹுபிட்டியிலும் ஒரே நாளில் மண் சரிந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை எடுத்த பிறகு அத்திவாரம் வெட்டுங்கள்.

நான்கு. ஊழியர் சேமலாப நிதியில் பத்து வருடச் சேவையும் கணக்கில் 3 இலட்சத்துக்கு மேலும் இருந்தால், வேலையில் இருக்கும்போதே 30 வீதம் வரை வீட்டுத் தேவைக்கு எடுக்கலாம். 2012 இல் வந்த சட்டம். தோட்டத்தில் இன்னும் பலருக்குத் தெரியாது. அதற்கு முதலில் அடையாள அட்டைப் பெயரும் நிதிக் கணக்குப் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். "முத்துலெட்சுமி"யும் "முத்துலக்சுமி"யும் அலுவலகத்தில் இரண்டு ஆட்கள்.

ஐந்து. சம்பளத்தில் வரி வெட்டப்படும் பிள்ளைகள் வருட முடிவில் கணக்கைச் சரிபாருங்கள். வருடத்தின் நடுவில் வேலை போனவர்கள், மாறியவர்களுக்குக் கூட வெட்டப்பட்டிருந்தால் திரும்பக் கேட்க உரிமை இருக்கிறது.

கடைசியாக எங்கள் எல்லாருக்கும். அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் வீடு வாங்குவோருக்கு வரிச் சலுகை என்று ஒரு வரி வந்தால், என்னைப் போலக் கைதட்டிப் பகிர வேண்டாம். முதலில் அந்த அம்மாவின் கேள்வியைக் கேளுங்கள்: எங்கள மாதிரி ஆளுகளுக்கா? முதல் வீட்டுக்கு முத்திரைத் தீர்வையைத் தள்ளுபடி செய்தால் அவருக்குப் போய்ச் சேரும். முதல் நூறு சீமெந்துப் பக்கற்றின் வற் வரியைத் திருப்பிக் கொடுத்தால் போய்ச் சேரும். ஒழுங்கான உறுதி கொடுத்தால் எல்லாவற்றையும்விட அதுதான் போய்ச் சேரும். வருமான வரியில் கழிவு என்றால், அது பெரும்பாலும் ஏற்கெனவே வீட்டுச் சாவி கையில் இருப்பவருக்குத்தான்.

தம்பி இந்தப் பதிவை வாசித்துவிட்டுத்தான் போட அனுமதி தந்தான். "சேர், உங்களால மட்டும் இல்ல, நானும் கணக்குப் பார்க்கல்ல" என்றான். கணக்குப் படிப்பித்தது நான்தானே தம்பி. மன்னித்துக்கொள்.

2021 பதிவை அழிக்கவில்லை. அதன் மேலே "இது பிழையான ஆலோசனை" என்று எழுதி, இந்தப் பதிவை இணைத்திருக்கிறேன். அன்றைக்கு அதைப் பகிர்ந்தவர்கள் முடிந்தால் இதையும் பகிருங்கள். அந்த அம்மா இப்போது வீட்டுக்குப் பின்னால் கொச்சிக்காயும் கத்தரியும் நட்டிருக்கிறார். கடனில் இன்னும் பதினாறு வருடம் இருக்கிறது. இன்ஷா அல்லாஹ், கட்டி முடிப்பார்கள்.